மண்வள அட்டை உங்கள் வயலுக்கு உரியதா?

நெற்பயிர் வெளுத்ததும் யூரியா மூட்டையைத் தேடுகிறோம். குறை துத்தநாகத்தில் இருந்தால் அச்செலவு வீணே.

இதைத் தவிர்க்கவே மத்திய அரசு 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்துகள், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 விவரங்களை அட்டை தரும்.

ஆனால் தொடக்கத்தில் பாசன நிலத்தில் இரண்டரை எக்டருக்கும், மானாவாரியில் 10 எக்டருக்கும் ஒரு மாதிரி வீதமே மண் எடுக்கப்பட்டது. ஆகவே உங்கள் பெயரிலுள்ள அட்டை பக்கத்து வயல் மண்ணைக் காட்டலாம். உங்கள் நிலம் களராகவோ மேடாகவோ வேறுபட்டால், தனி மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள்.

அறுவடை முடிந்து, உரமிடுமுன் மாதிரி எடுக்க வேண்டும். வரப்பு, வாய்க்கால், மரநிழல், எருக்குவியல் அருகே எடுக்கலாகாது. மேலுள்ள சருகை நீக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் அரையடி ஆழம் வெட்டி, இருபக்கமும் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டவும். இவ்வாறு 10 முதல் 15 இடங்களில் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தவும். பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளிவிடவும். அரைக் கிலோ எஞ்சும்வரை இப்படிச் செய்யவும்.

துத்தநாகம் குறைவெனில், நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவவும். மணிச்சத்து உரத்துடன் கலக்கக்கூடாது. கரிமம் குறைவெனில், ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும்.

அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். உரம் வாங்கச் செல்லும்போது அது கையில் இருக்கட்டும்.