நச்சரவின் நண்பர்

கிழக்கே மேகமலைத் தொடரும் மேற்கே ஏலமலைத் தொடரும் அரண்போல் நிற்க, அவற்றினிடையே பசும்பட்டு விரித்தாற்போலக் கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. பென்னிகுவிக் என்னும் பொறியாளர் 1895 ஆம் ஆண்டில் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர் இந்நிலத்தை வளம்படுத்துகின்றது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து நெல்வயலும் வாழைத்தோட்டமும் திராட்சைப் பந்தலும் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன.

வளம் மிக்க வயலில் எலியும் மிகும். எலி மிகுந்த இடத்திற்குப் பாம்பும் வந்து சேரும். விடியுமுன் மடை திறக்கச் செல்லும் உழவனும், வைக்கோற் போரிற் கை வைக்கும் பெண்ணும், வெறுந்தரையிற் படுத்துறங்கும் குழந்தையும் பாம்பின் பல்லுக்கு இரையாதல் உண்டு. 'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்று நம் முன்னோர் கூறியது வெற்றுரையன்று. 2000 முதல் 2019 முடிய இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். இவர்களுள் மிகப் பலர் சிற்றூர்களில் வாழும் ஏழை எளியவர்.

ஆதலின் பாம்பைக் கண்டவுடன் அடித்துக் கொல்வதே நெடுநாளைய வழக்கமாயிற்று. ஆனால் பாம்பைக் கொன்றால் எலி பெருகும். எலி பெருகினால் விளைச்சல் குறையும். பாம்பையும் அழியவிடாது, மனிதனையும் சாகவிடாது காக்கும் வழி யாது? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளையே விடையாக அளித்தவர் ஒருவர் உளர். அவரே ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர்.

விட்டேக்கர் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1943 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆம் நாள் பிறந்தார். பிற குழந்தைகள் பாம்பைக் கண்டு அஞ்சி ஓடும் பருவத்திலேயே அவர் அதனை வியந்து நோக்கினார். அவர்தம் அன்னையார் அவ்வார்வத்தைத் தடுத்தாரல்லர். 1951 ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தோடு இந்தியாவிற்கு வந்தார். பின்னர்க் கோடைக்கானற் பள்ளியில் சேர்ந்து பயின்றார்.

மோட்டார்ப் பாதை அமைவதற்கு முன்னர், கோடைக்கானலுக்குச் செல்வோர் பெரியகுளத்திற்கு அண்மையிலுள்ள கும்பக்கரையிலிருந்து வெள்ளகவி வழியாக மலையேறுவர். தேனி மாவட்டத்திற்கு இத்துணை அணித்தான பழனிமலைக் காடுகளே அவ்விளைஞருக்கு இரண்டாம் பள்ளியாயின. ஏட்டுக் கல்வியினும் காட்டுக் கல்வியே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் அவர் அமெரிக்கா சென்றார். அங்கு மியாமி நகரில் பில் ஹாஸ்ட் என்பார் நடத்திவந்த பாம்புப் பண்ணையில் பணிபுரிந்தார். பாம்பினிடமிருந்து நஞ்சை எடுக்கும் முறையை அவர் அங்கே நன்கு கற்றார். உயிரைக் கொல்லும் நஞ்சே உயிரைக் காக்கும் மருந்துக்கு மூலமாதலையும் கண்கூடாகக் கண்டார். பிறந்த நாட்டில் அவர் உள்ளம் தங்கவில்லை. 1967 ஆம் ஆண்டில் மீண்டும் இந்தியாவை வந்தடைந்தார். பின்னர் இந்தியக் குடிமகனாகவும் ஆனார்.

அக்காலத்தில் பாம்புத்தோல் வாணிகம் நம் நாட்டில் பெருகியிருந்தது. எண்ணற்ற பாம்புகளின் தோல்கள் கைப்பைகளாகவும் காலணிகளாகவும் மாறுதற்பொருட்டு அயல்நாடுகளுக்குச் சென்றன. இவ்வாணிகத்திற்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர் இருளர் என்னும் பழங்குடி மக்கள். செங்கற்பட்டு முதலிய பகுதிகளில் வாழும் இவர்கள், மணலிற் காணும் சிறு தடத்தைக் கொண்டே இன்ன பாம்பு, இத்திசையிற் சென்றது என்று கூறவல்லவர். 'பாம்பின் கால் பாம்பறியும்' என்னும் பழமொழிக்கு ஒப்பத் தக்க இவர்தம் அறிவைக் கண்டு விட்டேக்கர் வியந்தார், அவர்களுக்கு மாணவரானார். அவர்களோடு வயலிலும் புதரிலும் அலைந்து, எந்நூலும் உரைக்காத நுட்பங்களைக் கற்றார்.

பாம்பைப் பற்றிய அச்சம் நீங்க வேண்டுமாயின் மக்கள் அதனை அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்பொருட்டு 1969 ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த சேலையூரில் பாம்புப் பண்ணை ஒன்றை நிறுவினார். 1972 இல் அது கிண்டிக்கு மாற்றப்பெற்றது. அடிப்பதற்காகக் கல்லெடுத்த கைகள் அங்கே நுழைவுச் சீட்டைப் பெற நீண்டன. நஞ்சுடைய பாம்புகள் சிலவே என்பதையும், சாரை முதலியன மனிதனுக்குத் தீங்கு செய்யா என்பதையும் மக்கள் நேரிற் கண்டு தெளிந்தனர்.

1972 ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1976 இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பெற்றது. பாம்புகளுக்கு நன்மை விளைந்தது; ஆனால் இருளர் வீட்டு அடுப்பு அணைந்தது. ஓர் உயிரைக் காக்கும் சட்டம் மற்றோர் உயிரைப் பட்டினிக்கு உள்ளாக்குதல் முறையாகுமோ? விட்டேக்கர் இதனை எண்ணிப் பார்த்தார். கொல்வதற்குப் பயன்பட்ட கைத்திறனைக் காப்பதற்குப் பயன்படுத்தினால் என்ன என்னும் எண்ணம் உருப்பெற்றது. அதன் பயனாக 1978 ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது.

இச்சங்கத்தின் பணி போற்றத்தக்கது. இருளர் அரசின் இசைவு பெற்று நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நால்வகைப் பாம்புகளைப் பிடித்து வருவர். அவற்றை மட்பானைகளில் இட்டு, வாயைத் துணியால் மூடி, ஏறத்தாழ மூன்று வாரங்கள் பேணுவர். அக்காலத்துள் சிலமுறை நஞ்சை எடுப்பர். பின்னர் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, அவற்றை உயிரோடு காட்டில் விட்டுவிடுவர். உலர்த்தப்பெற்ற நஞ்சு மருந்து செய்வோரிடம் செல்லும். அவர்கள் அதனை மிகச் சிறிய அளவிற் குதிரையின் உடலிற் செலுத்துவர். குதிரையின் குருதியில் நஞ்சை எதிர்க்கும் பொருள் உண்டாகும். அதனைப் பிரித்தெடுத்துச் செய்வதே நஞ்சுமுறி மருந்தாகும். தேனி மருத்துவமனையில் ஓர் உழவன் உயிர் பிழைத்தெழும்போது, அவன் கண்டறியாத ஓர் இருளரின் கைத்திறனும் அவனைக் காத்து நிற்கின்றது.

பாம்போடு அவர் அன்பு நின்றுவிடவில்லை. தோலுக்காக வேட்டையாடப்பெற்று முதலைகளும் அருகி வந்தன. அவற்றைக் காத்துப் பெருக்குதற்பொருட்டு 1976 ஆம் ஆண்டில், மாமல்லபுரத்திற்கு அண்மையில் உள்ள வடநெம்மேலியில், தம் துணைவியார் ஜாய் விட்டேக்கருடன் சேர்ந்து முதலைப் பண்ணை ஒன்றை அமைத்தார். 2005 இல் கருநாடக மாநிலத்து ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையம் ஒன்றையும் நிறுவினார்.

பண்ணைக்கு வருவோர் சிலர். வீட்டிலிருந்து காண்போர் பலர். இதனை உணர்ந்த விட்டேக்கர் திரைப்படத்தையும் தொலைக்காட்சியையும் தம் பணிக்குத் துணையாகக் கொண்டார். இராசநாகத்தைப் பற்றி நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனத்திற்காக அவர் உருவாக்கிய படம் 1998 ஆம் ஆண்டில் எம்மி விருது பெற்றது. பாம்பினத்துள் தாய்ப்பாம்பு சருகுகளைத் திரட்டிக் கூடு கட்டி முட்டையைக் காப்பது இராசநாகத்தின் தனிச்சிறப்பு. இத்தகைய இயல்புகளைக் காண்போர், பாம்பினைப் பகையென்று மட்டும் கருதாமல் அதுவும் தன் மகவைப் பேணும் ஓர் உயிரென்று உணர்வர். தொலைக்காட்சி கண்ணுக்குக் களிப்பூட்டுவதோடு அமையாது, கருத்துக்கும் ஒளியூட்டலாம் என்பதற்கு இது சான்று.

இந்திய அரசு 2018 ஆம் ஆண்டில் விட்டேக்கருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அதனினும் இனிய செய்தி ஒன்று உண்டு. 2017 இல் இருளர்களாகிய மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பெற்றனர். அங்கே அயலிலிருந்து புகுந்து பெருகிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டி, அந்நாட்டு அறிஞரையும் வியக்கச் செய்தனர். 2023 இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆசிரியர்களின் பெருமை கண்டு மகிழும் பேறு அம்மாணவருக்கு வாய்த்தது.

எனினும், அப்பணி முற்றுப் பெறவில்லை. நஞ்சுமுறி மருந்து மேற்சொன்ன நால்வகைப் பாம்புகளின் நஞ்சினைக் கொண்டு செய்யப்படுவது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் உலவும் குழிவிரியன்களின் கடிக்கு அது போதிய பயன் தருவதில்லை. ஒரே வகைப் பாம்பின் நஞ்சும் இடத்திற்கு இடம் வேறுபடுகின்றது. இவற்றிற்கேற்ற மருந்துகளைக் காணும் பொறுப்பு வருங்கால அறிஞர்களுடையது. 2021 இல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. அக்காட்டின் அடிவாரத்துப் பள்ளிகளில் இன்று பயிலும் மாணவருள் ஒருவரே அம்மருந்தைக் காண்பவராகவும் கூடும்.

மருந்து காண்பதற்கு ஆண்டுகள் வேண்டும். அறிந்து நடப்பதற்கு நொடிப்பொழுது போதும். இரவில் விளக்கின்றி வயலுக்குச் செல்லுதல் ஆகாது. தரையிற் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் கடித்தல் உண்டாதலின், கட்டிலும் கொசுவலையும் கொள்ளுதல் நன்று. பாம்பு கடித்தால் அவ்விடத்தைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் கூடா. மந்திரத்தை நம்பிப் பொழுது போக்குதல் உயிரைப் போக்குதலாகும். கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, அரசு மருத்துவமனைக்கு விரைந்து செல்லுதல் வேண்டும். வீட்டினுள் பாம்பு புகுந்தால் விலகி நின்று, தீயணைப்பு நிலையத்தாருக்கோ வனத்துறையினருக்கோ செய்தி சொல்லுதல் வேண்டும்.

அச்சம் அறியாமையின் குழந்தை; அன்பு அறிவின் குழந்தை. எங்கோ பிறந்த ஒருவர், நம் மலையிற் கற்று, நம் பழங்குடியினரைப் பணிந்து, நம் வயலில் உழைப்போர் உயிரைக் காக்க வழி கண்டார். கம்பம் பள்ளத்தாக்கின் வரப்பில் ஒரு பாம்பைக் காணும்போது, ஓங்கிய கை தாழ்ந்து, ஒதுங்கி வழிவிடுமாயின், அதுவே அவர் பணிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.