காத்திருக்கக் கூடாத நோய்கள்: யூராலஜித் தேர்விலிருந்து ஒரு பாடம்



மருத்துவமனைக்கு வந்துபோகும் ஆதரவாளர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எம்.பி.பி.எஸ். முடித்தாயிற்று, வார்டில் வேலையும் பார்க்கிறார்கள். அப்புறமும் ஏன் இந்த இளம் டாக்டர்கள் ராத்திரியெல்லாம் புத்தகமும் கையுமாக இருக்கிறார்கள்?" மேற்படிப்பில் சேர ஒரு தேர்வு, அதை முடிக்க இன்னொரு தேர்வு என்பதே பதில். நுழைவுத் தேர்வான நீட்-பி.ஜி.யில் 200 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 மதிப்பெண் பிடிப்பார்கள். படிப்பின் முடிவில் டி.என்.பி. எழுதுகிறவர்களுக்கு எழுத்துத் தேர்வும், நோயாளியை முன்னால் வைத்து நடத்தும் செய்முறைத் தேர்வும் உண்டு. 1982-ல் தொடங்கப்பட்ட தேசியத் தேர்வு வாரியம் இதை நடத்துகிறது. மிஷன் மருத்துவமனைகள் பலவும் இதற்குப் பயிற்சி தரும் அங்கீகாரம் பெற்றவை.

அவர்கள் படிப்பதில் கொஞ்சத்தை நம் வாசகர்களும் படித்தால் என்ன என்று எண்ணி, இம்முறை யூராலஜியை எடுத்துக்கொண்டோம். சிறுநீரகம், அதிலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பை, வெளியேறும் வழி, ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி, விரைகள் ஆகிய இவ்வளவும் இந்தத் துறைக்குள் அடங்கும். சிறுநீரகத்தை மருந்தால் கவனிப்பது நெஃப்ராலஜி. கத்தியும் குழாயும் தேவைப்படும் இடத்தில் யூராலஜி வருகிறது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தவறான வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை வெளிநோயாளர் பிரிவில் தினமும் பார்க்கிறோம்.

பாடப் புத்தகம் தலையணை கனம். அபூர்வமான கட்டிகளின் பெயர்களுக்கே பக்கம் பக்கமாகப் போகிறது. எங்களைக் கேட்டால், அந்தப் பெயர்கள் இரண்டு மதிப்பெண் தரலாம். நோயாளியைக் காப்பாற்றுவது வேறொன்று. நல்ல தேர்வாளர் "இது என்ன நோய்?" என்பதோடு நிறுத்த மாட்டார். "அடுத்து என்ன செய்வீர்கள்?" என்பார். காத்திருக்கலாமா, கூடாதா என்று தெரிந்திருப்பதே இத்துறையில் பாதிப் படிப்பு.

மாதிரிக்கு ஒரு கேள்வி. பையனுக்கு வயது 14. விடியற்காலை மூன்று மணிக்கு அடிவயிற்று வலியால் விழித்துக்கொண்டான். இரண்டு தடவை வாந்தி. காய்ச்சல் இல்லை, மூத்திரத்தில் எரிச்சல் இல்லை. மருத்துவமனைக்கு வந்தபோது மணி ஆறு. அடுத்து என்ன? வயிற்று ஸ்கேன், வலி ஊசி போட்டுக் கவனிப்பது, ஆன்டிபயாடிக், உடனடி அறுவைச் சிகிச்சை என்று நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். விடை எழுதுமுன் மாணவர் மனதில் எழ வேண்டிய எண்ணம், "பையனின் விரைப்பையை யாராவது பார்த்தார்களா?" என்பதே.

விரை ஒரு தண்டிலிருந்து தொங்குகிறது. இரத்தம் வருவதும் போவதும் அந்தத் தண்டு வழியாகவே. சில பையன்களுக்குப் பிறவியிலேயே விரை சரியாக ஒட்டாமல், மணியின் நாக்குப்போல ஆடிக்கொண்டிருக்கும். அது திடீரென்று முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் திறந்து முறுக்கை அவிழ்த்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு விரை பிழைக்கும். இருபத்துநான்கு மணி நேரம் தாண்டினால் பத்துப் பேருக்குக்கூடப் பிழைப்பது அரிது. மேலே சொன்ன பையனுக்கு ஏற்கெனவே மூன்று மணி நேரம் போய்விட்டது.

பரிசோதனையில் விரை வழக்கத்தைவிட மேலேறி, குறுக்காகக் கிடக்கும். தொடையின் உட்பக்கத்தை மெல்ல வருடினால் அந்தப் பக்கத்து விரை தானாக மேலெழுவது இயல்பு, முறுக்கிக்கொண்டால் எழாது. தொற்றினால் வரும் வீக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொற்று வலி பெரும்பாலும் ஓரிரு நாளில் மெதுவாக ஏறும். காய்ச்சலும் எரிச்சலும் கூட வரலாம். டாப்ளர் ஸ்கேன் இரத்த ஓட்டத்தைக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் சந்தேகம் பலமாக இருக்கும்போது ஸ்கேனுக்குக் காத்திருப்பது பிழை. திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்றால் பையனுக்கு ஒரு சிறு தழும்பு. திறக்காமல் இருந்து தவறினால் ஓர் உறுப்பே போயிற்று. இன்னொன்றையும் மாணவர் மறக்கக் கூடாது: அறுவையின்போது மறுபக்கத்து விரையையும் தைத்து நிலைப்படுத்த வேண்டும், ஏனென்றால் பிறவிக் கோளாறு பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும்.

இந்நோய் அதிகம் தாக்குவது 12 முதல் 18 வயதுப் பையன்களை. அந்த வயதில் பையன் அம்மாவிடம் "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்வான். அம்மாவும் ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பாள். விடிந்ததும் அப்பா மருந்துக்கடைக்குப் போவார். ஹாஸ்டலில் இருக்கும் பையனானால் வார்டனிடம் வாய் திறக்கவே மாட்டான். வெட்கம் தின்றுவிடும் மணி நேரங்களை எந்த மருத்துவரும் திருப்பித் தர முடியாது. பையன்கள் உள்ள வீடுகளிலும், ஞாயிறு பள்ளியிலும், விடுதிகளிலும் பொறுப்பில் இருப்பவர்கள் ஒரே ஒரு வாக்கியத்தை முன்கூட்டிச் சொல்லி வைத்தால் போதும்: "அந்த இடத்தில் வலித்தால் ராத்திரி என்றாலும் எழுப்பு, யாரும் திட்ட மாட்டோம்." ஒரு விரை போனாலும் பிற்காலத்தில் தகப்பனாவதற்குப் பொதுவாகத் தடையில்லை என்பதையும், வந்து அழும் பெற்றோருக்கு நாங்கள் சொல்வதுண்டு.

அடுத்தது கல். நம் ஊர் வெயிலுக்குக் கல் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. கல் வலி பிரசவ வலிக்குச் சமம் என்று இரண்டையும் கண்ட பெண்கள் சொல்வார்கள். ஆனால் வலியால் துடிக்கும் எல்லாக் கல்லும் அவசரம் அல்ல. ஐந்து மில்லிமீட்டருக்குள் இருப்பவை பெரும்பாலும் தாமாகவே இறங்கிவிடும். அவசரம் எது என்பதற்குத் தேர்வில் வரக்கூடிய கேள்வி இப்படி இருக்கும்: சர்க்கரை நோயுள்ள, 45 வயதுப் பெண், இடப்பக்க விலாவில் வலி, குளிர் நடுக்கம், 103 டிகிரி காய்ச்சல், இரத்த அழுத்தம் இறங்குகிறது. ஸ்கேனில் குழாயில் 8 மில்லிமீட்டர் கல், அதற்குமேல் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைப்பதா? கருவி விட்டு எடுப்பதா? மருந்து கொடுத்துப் பொறுப்பதா?

மூன்றும் அல்ல. தேங்கி நிற்கும் சீழ் கலந்த மூத்திரத்தை முதலில் வடிக்க வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்துக்குள் ஆன்டிபயாடிக் போதிய அளவு போய்ச் சேராது. அழுத்தத்தில் கிருமிகள் இரத்தத்துக்குள் தள்ளப்படும். சிறுநீர்ப்பை வழியாக டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை மேலே ஏற்றலாம், அல்லது முதுகுப் பக்கமாக ஊசி வழியே சிறுநீரகத்துக்குள் குழாய் வைக்கலாம். ஆன்டிபயாடிக் கூடவே போகும். கல்லை எடுப்பது, காய்ச்சல் தணிந்து சில நாள் அல்லது வாரம் கழித்து.

உறவினர்களுக்கு இதை விளங்க வைப்பது கொஞ்சம் கஷ்டம். "கல்லை எடுக்கத்தானே வந்தோம், குழாயைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறார்களே" என்பார்கள். அந்த இரவில் கல்லைத் துரத்தப் போனால் நோயாளியையே இழக்கலாம். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நாங்கள் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதித் தருவது இன்னொன்று: ஸ்டென்ட் உள்ளே இருக்கிறது, குறித்த தேதியில் எடுக்க வாருங்கள். வலி போய்விட்டது என்று சிலர் வருவதில்லை. மாதக்கணக்கில் மறந்துபோன ஸ்டென்டின்மேல் கல் படிந்து, எடுக்கப் பெரிய அறுவையே தேவைப்படும். உங்கள் வீட்டில், சபையில், தெருவில் யாருக்காவது ஸ்டென்ட் போட்டிருந்தால் எடுத்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அதிர்வலையால் கல்லை உடைக்கும் முறை முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது 1980-ல், ஜெர்மனியின் மியூனிக் நகரில். அதற்குமுன் வயிற்றின் பக்கவாட்டில் நீளமாகக் கீறித்தான் கல்லை எடுத்தார்கள். அந்தத் தழும்போடு இன்னும் பல பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கல் வந்தவர்கள் பாலை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 1993-ல் அமெரிக்காவில் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்திய ஆய்வு, உணவில் சுண்ணாம்புச் சத்து அதிகம் உள்ளவர்களுக்கே கல் குறைவு என்று காட்டியது. அந்தச் சத்து குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது. குறைக்க வேண்டியது உப்பு. தண்ணீர் எவ்வளவு என்றால், நாளைக்கு இரண்டரை லிட்டர் மூத்திரம் போகும் அளவுக்கு. வயலில் வேலை செய்கிறவர் அதற்கு எவ்வளவு குடிக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வலி ஆளை ஓடிவரச் செய்கிறது. வலியில்லாததுதான் ஏமாற்றும். நடுவயதைத் தாண்டிய ஒருவருக்கு மூத்திரத்தில் இரத்தம் வந்து, வலியே இல்லாமல், இரண்டு நாளில் தானாக நின்றுவிட்டால், அவர் குணமாகிவிட்டதாக நினைத்து வேலைக்குப் போய்விடுவார். புற்றுநோய் இல்லை என்று நிரூபிக்கும்வரை அது புற்றுநோய் என்றே கருத வேண்டும் என்பது மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் விதி. ஸ்கேனோடு, சிறுநீர்ப்பைக்குள் கருவி விட்டுப் பார்ப்பதும் கட்டாயம். புகைபிடிப்பதுதான் இந்நோய்க்கு முதன்மையான காரணம். பீடி சுருட்டு பிடிப்பவர்கள் நுரையீரலை மட்டுமே நினைத்துப் பயப்படுகிறார்கள். புகையின் நச்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிந்து, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தங்குகிறது. சாயத் தொழிலாளருக்கும் இந்த ஆபத்து உண்டு என்று பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-லேயே எடுத்துக்காட்டினார். பீட்ரூட் சாப்பிட்டாலும் மூத்திரம் சிவக்கும் என்பது உண்மை. அதை முடிவு செய்ய வேண்டியது பரிசோதனைக் கூடம்.

ரிஃபாம்பிசின் மாத்திரையும் மூத்திரத்தை ஆரஞ்சு நிறமாக்கும். அது டி.பி. மருந்து. நம் நாட்டு மாணவர் மற்ற நாட்டுப் புத்தகங்களைவிட அதிகக் கவனத்தோடு படிக்க வேண்டிய அதிகாரம் சிறுநீரக டி.பி. மூத்திரத்தில் சீழ் செல்கள் நிறைய, ஆனால் சாதாரணக் கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று அறிக்கை வந்தால் உடனே இதை நினைக்க வேண்டும். "யூரின் இன்ஃபெக்ஷன்" என்று ஆறேழு மாதமாக விதவிதமான ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, நாளுக்கு இருபது தடவை பாத்ரூம் போய்க்கொண்டு வருபவர்கள் உண்டு. அந்த மருந்துகளில் சில, டி.பி. கிருமியைச் சற்று அடக்கி நோயை மறைத்தும்விடும். மூன்று நாள் தொடர்ந்து காலையின் முதல் மூத்திரத்தைப் பிடித்துத் தர வேண்டும். மருந்து தொடங்கியதும் கதை முடிந்தது என்று மாணவர் எழுதினால் தேர்வாளர் விட மாட்டார்: புண் ஆறும்போதே சிறுநீர்க்குழாய் தழும்பேறிச் சுருங்கி, ஓசையில்லாமல் சிறுநீரகம் அடைபட்டுப் போகும். ஆகவே மருந்து சாப்பிடும் காலத்திலும் இடையிடையே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

விபத்துப் பிரிவுக்கான கேள்வி சின்னது. பைக்கிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர், மூத்திரத் துவாரத்தில் ஒரு சொட்டு இரத்தம். பயிற்சி மருத்துவரின் கை தானாகவே கதீட்டர் பக்கம் போகும். போகக் கூடாது. உள்ளே வழி பாதி கிழிந்திருந்தால் கதீட்டர் அதை முழுதாகக் கிழித்துவிடும். முதலில் சாய மருந்து விட்டு எக்ஸ்ரே. வழி அறுந்திருந்தால் அடிவயிற்றில் சிறு துளையிட்டு நேராகச் சிறுநீர்ப்பைக்குள் குழாய்.

புராஸ்டேட் பற்றி வயதானவர்கள் நிறையக் கேட்கிறார்கள். அதற்குத் தனி இதழே வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு: வயதில் வரும் வீக்கம் புற்றுநோய் அல்ல, அது புற்றுநோயாக மாறுவதும் இல்லை. பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையில் அளவு ஏறியிருந்தால், தொற்றோ மூத்திர அடைப்போ இருந்ததா என்று பார்த்த பிறகே பயப்படலாம்.

கடைசியாக, பிறந்த ஆண் குழந்தை. சில குழந்தைகளுக்கு மூத்திர வழியில் பிறவியிலேயே மெல்லிய திரைபோல ஒரு வால்வு அடைத்திருக்கும். பிள்ளை நனைத்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே சரியாகத்தான் போகிறது என்று வீட்டார் நினைப்பார்கள். தாரையாகப் பீய்ச்சி அடிக்கிறானா, சொட்டுச் சொட்டாக வழிகிறதா, முக்குகிறானா என்று கேட்க வேண்டும். பாட்டிமார்கள் இதை டாக்டருக்கு முந்தியே கவனித்திருப்பார்கள், கேட்பவர்தான் வேண்டும். அடிவயிற்றைத் தொட்டால் சிறுநீர்ப்பை சின்ன எலுமிச்சம்பழம்போலக் கெட்டியாகத் தட்டுப்படும். முதலில் மெல்லிய குழாய் வைத்து வடித்து, உப்புச் சத்துகளைச் சரிசெய்து, சாய எக்ஸ்ரேயால் உறுதிப்படுத்தி, பிறகு கருவி விட்டு வால்வை வெட்ட வேண்டும். வெட்டியதும் தாரை நன்றாக வரும். குடும்பம் மகிழ்ச்சியோடு ஊருக்குப் போகும். ஆனால் வயிற்றில் இருந்தபோதே சிறுநீரகங்கள் அழுத்தத்தில் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆகவே பிள்ளை வளர்ந்து ஆளாகும்வரை இரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் தவறாமல் பார்த்துவர வேண்டும் என்ற வரியையும் மாணவர் விடைத்தாளில் எழுத வேண்டும், தாயிடமும் சொல்லி அனுப்ப வேண்டும்.