2 கிராமுக்கும் 44 கிராமுக்கும் ஒரே இடமா?

கேள்வி: 2 கிராம் ஹைட்ரஜனும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் எப்படி ஒரே 22.4 லிட்டர் இடத்தை அடைக்கும்?

பதில்: இரண்டுமே ஒரு மோல். எடை வேறு, மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே: 6.022 × 10²³. வாயுவில் இடத்தை அடைப்பது மூலக்கூறுகள் அல்ல, அவற்றுக்கு நடுவே உள்ள வெற்றிடம். 18 கிராம் தண்ணீரைப் பாருங்கள். நாலு டீஸ்பூன்கூட வராது. 100 டிகிரியில் ஆவியானால் சுமார் 30 லிட்டர்! மூலக்கூறுகள் பெருகவில்லை, விலகிப் போயின, அவ்வளவுதான். அந்த இடைவெளியைத் தீர்மானிப்பவை வெப்பநிலையும் அழுத்தமும். எந்த வாயு என்பது அநேகமாகப் பொருட்டே இல்லை. 1811-லேயே அவகாட்ரோ இதை ஊகித்தது எனக்கு இன்றும் வியப்பு. 22.4 என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துக்கு மட்டுமே. 25 டிகிரியில் 24.5 லிட்டர். கணக்கில் என்ன வெப்பநிலை தந்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே 22.4-ஐத் தொடுங்கள்.