சைக்கிள் சில்லும் றேடியோவும்

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் மங்கிவிடும். சிறுவரின் சைக்கிளில் சுற்றினாலோ கை இன்னும் விரைவாக ஓடவேண்டியிருந்தது. இது ஏன் என்று பார்ப்போம்.

சில்லின் ரயரில் ஓரிடத்திலும், அச்சுக்குக் கிட்ட ஒரு கம்பியிலும் வெண்கட்டியால் அடையாளமிடுங்கள். சில்லைச் சுற்றினால் இரண்டும் ஒன்றாகவே ஒரு சுற்றை முடிக்கும். இது கோண வேகம், இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ரயரிலுள்ள அடையாளம் அதே நேரத்தில் கூடிய தூரம் ஓடுகிறது. இது நேர்கோட்டு வேகம். அச்சிலிருந்து விலக விலக இது கூடும்.

நேர்கோட்டு வேகம் = ஆரை × கோண வேகம்

கோண வேகத்தை ஆரையனில் அளக்கவேண்டும். ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 6.28 ஆரையன்.

பெரிய சில்லின் ஆரை 35 சதமமீற்றர், அதாவது 0.35 மீற்றர் என்போம். செக்கனுக்கு ஒரு சுற்றுச் சுற்றினால், ரயரின் வேகம் 0.35 × 6.28 = செக்கனுக்கு ஏறக்குறைய 2.2 மீற்றர்.

டைனமோவின் தலை ரயரில் முட்டி நிற்கிறது. வழுக்காதவரை அதன் ஓரமும் அதே 2.2 மீற்றர் வேகத்தில் ஓடவேண்டும். அதன் ஆரை 1 சதமமீற்றர் என்றால், சில்லு ஒரு தரம் சுற்ற அது 35 தரம் சுற்றும். மின் கிடைப்பது இந்த வேகத்தினாலேயே.

இனிச் சிறுவரின் சைக்கிளுக்கு வருவோம். ஆரை பாதி, 17.5 சதமமீற்றர் என்றால், ரயர் அதே 2.2 மீற்றர் வேகத்தில் ஓடச் சில்லு செக்கனுக்கு இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். சில்லைத் திருப்பப் பாதி முறுக்கு விசை போதும். ஆனால் சுற்று இரட்டிக்கும். ஆகவே மொத்த உழைப்புக் குறைவதில்லை.

ரயர் தேய்ந்திருந்தாலோ நனைந்திருந்தாலோ டைனமோ வழுக்கும். அப்போது இந்தக் கணக்குப் பொருந்தாது. எனவே ரயரைத் துடைத்து, டைனமோவை நன்றாக முட்டவைத்த பிறகே சுற்றுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: டைனமோத் தலையின் ஆரை 1.4 சதமமீற்றர் என்றால், பெரிய சில்லு ஒரு தரம் சுற்ற அது எத்தனை தரம் சுற்றும்? விடை 25.