யாரிடம் காட்டுவாய்?

அன்புள்ள மருமகளுக்கு,

பிளஸ் டூ முடித்ததும் பி.எஃப்.ஏ. சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். அது சோறு போடுமா என்று உன் அப்பா கேட்கிறார். தூத்துக்குடி மில்லர்புரத்தில் உன்னோடு படித்தவர்கள் இன்ஜினீயரிங், நர்சிங், பி.காம். என்று விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும்போது நீ மட்டும் ஓவியம் என்றால் வீட்டில் சத்தம் எழத்தான் செய்யும். இரண்டு கேள்விக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அப்பாவிடமும் வாசித்துக் காட்டு.

விவரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அரசு கவின் கலைக் கல்லூரி சென்னையில் ஒன்று, கும்பகோணத்தில் ஒன்று. நான்கு வருடப் படிப்பு. ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு இரண்டு இடத்திலும் உண்டு. அச்சுக்கலை, சுடுமண், துணி வடிவமைப்பு வேண்டுமென்றால் சென்னை. மரபுச் சிற்பத்தில் ஆசையிருந்தால் மாமல்லபுரம். வரைந்து காட்டித்தான் இடம் வாங்க வேண்டும். அதனால் இன்றே ஒரு நோட்டை எடுத்து நாற்காலி, செருப்பு, தூங்கும் தாத்தா என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரை. சினிமா நடிகர் முகத்தை போட்டோ பார்த்து வரைவதை இப்போதைக்கு ஒதுக்கி வை. அது பழகிய கைக்கு மேலும் கொஞ்சம் பழக்கம் தரும், பார்க்கக் கற்றுத் தராது.

அப்பாவின் கேள்விக்கு நம் மாவட்டத்திலேயே ஒருவர் பதிலாக வாழ்ந்திருக்கிறார். கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898–1976). நான் சொன்ன சென்னைக் கல்லூரி கலைப் பள்ளியாக இருந்தபோது அங்கே படித்தவர். கொஞ்ச காலம் ரமணாசிரமத்தில் இருந்தார், பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தார், 1940களில் கோவில்பட்டியில் நிலைத்துவிட்டார். பக்கத்திலேயே சிவகாசி. அவரும் அவர் சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் அங்கே காலண்டராக அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளிலெல்லாம் தொங்கின. நம் ஆச்சி வீட்டு லட்சுமியும் அந்தப் பட்டறைக் கைவேலையாகவே இருக்கலாம். பல படங்களில் குருவும் சீடர் டி.எஸ். சுப்பையாவும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதைக் கவனி. கல்லூரியில் உன் படத்தைப் பார்த்து யாராவது “காலண்டர் மாதிரி இருக்கு” என்றால் அது வசை. அந்த வசையில் பாதி நியாயம் உண்டு. எல்லா முகமும் ஒரே முகமாகிவிட்டால் படம் செத்துவிடும். ஆனால் ஒரு சிற்றூரில் சிலர் கூடி வரைந்து, ஒருவர் வேலையை ஒருவர் திருத்தி, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தினார்கள் என்பதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இனி சென்னை. அந்தப் பள்ளியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். நெடுங்காலம் அது கைத்தொழில் கற்றுக்கொடுத்த இடம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்த பிறகுதான் நாம் இன்று சொல்லும் பொருளில் ஓவியமும் சிற்பமும் அங்கே வேர் பிடித்தன. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்கு அடுத்து 1957இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். அப்பாவுக்கு இவர் கதையைக் கட்டாயம் சொல். கோயம்புத்தூரில் பிறந்தவர், இளம் வயதில் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் கலைப் பள்ளியில் சேர்ந்தார். அவரை இன்று நாம் நினைவில் வைத்திருப்பது ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசைக்காக: எழுத்து, கணக்கு, ஜாதகக் கட்டம் எல்லாம் கலந்து கிறுக்கியது போன்ற படங்கள். அதை 1963இல் தொடங்கியபோது அவருக்கு வயது 52. நீ நான்கு வருடத்தில் ‘உன் பாணி’யைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று யாரேனும் அவசரப்படுத்தினால் இந்தக் கணக்கைச் சொல்.

பணிக்கரை வாட்டிய கேள்வியும் உன் அப்பாவுடையதுதான். மாணவர்கள் நன்றாக வரைகிறார்கள், படிப்பு முடிகிறது, பிறகு? டிராயிங் மாஸ்டர் வேலையோ விளம்பரக் கம்பெனியோ கிடைத்தால் சரி; மற்றவர்கள் காணாமல் போனார்கள். அதனால் ஆசிரியரும் மாணவர்களுமாகக் கூடி பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். கொஞ்ச நேரம் சாப்பாட்டுக்கான வேலை, மீதி நேரம் தன் வேலை. இன்று அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னை போனால் முதல் வாரமே பார்த்துவிடு. நந்தகோபாலின் உலோகச் சிற்பங்களைச் சுற்றி வந்து பார்.

அங்கேயே வாழ்ந்த கே. ராமானுஜத்தின் கோட்டோவியங்களையும் தேடு. பள்ளிப் படிப்பு ஏறாத பிள்ளை. பணிக்கர்தான் அரவணைத்துக் கொண்டுவந்தார். கனவு மாளிகையும் பாம்பும் தொப்பி போட்ட மனிதனுமாக, மசியில் அவர் கட்டிய உலகம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். கூட்டாளிகள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மனம் கனத்தால் அதைப் படத்தில் மட்டும் கொட்டாதே, ஆளிடமும் சொல்.

ஆனாலும் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் ஒரே காரணம் கூட்டாளிகள்தான். வண்ணம் கலப்பதை யூடியூபிலேயே கற்கலாம். வகுப்புச் சுவரில் எல்லார் படத்தையும் மாட்டி, ஒவ்வொருவராகப் பேசும் அந்த நேரம் வெளியே கிடைக்காது. உன் படத்தைப் பற்றிப் பேசும்போது குறுக்கே விளக்கம் கொடுக்காதே, குறித்துக்கொள். அடுத்தவர் படத்தைப் பற்றி “சூப்பர்” என்று சொல்லித் தப்பிக்காதே. இன்ஸ்டாகிராமில் இதயங்கள் விழுந்தால் யாரோ உன் படத்தைப் பார்த்துவிட்டதாக எண்ணாதே.

இன்றைய கலை என்கிறார்களே, அது என்ன என்று குழம்பியிருக்கிறாய். நமக்கு எதிர்க்கரையிலிருந்து உதாரணம் சொல்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் தா. சனாதனன், போரில் வீடிழந்தவர்களிடம் தங்கள் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போட்டுத் தரச் சொன்னார். அவர்கள் கோணலாகப் போட்ட கோடு, அதைக் கட்டடக்கலைஞர் முறைப்படுத்திய படம், அதற்குச் சனாதனன் வரைந்த ஓவியம். மூன்றையும் சேர்த்து 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலாக்கினார். தோம்பு என்றால் டச்சுக்காரர் காலத்து நிலப்பதிவேடு. அந்த நூலில் மிக நல்ல கோடு எது என்று என்னைக் கேட்டால், வரையத் தெரியாதவர்கள் போட்டதுதான்.

அதற்கு முன் 2005 முதல் 2007 வரை அவரும் ஜகத் வீரசிங்க, சந்திரகுப்த தேனுவர, முஹன்னத் காதர் ஆகியோரும் ஒருவருக்கொருவர் தபாலில் ஓவியம் அனுப்பினார்கள். வந்த படத்துக்கு ஒரு படத்தால் பதில். போர் மறுபடி மூண்ட காலம். தமிழரும் சிங்களரும் முஸ்லிமும் இருந்த அந்த நால்வருக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் போய்வந்தன. இதற்கு ஸ்டூடியோ வேண்டாம், கேலரி வேண்டாம்.

கல்லூரி திறக்கும்வரை நீ என்ன செய்வது? உப்பளத்துக்குப் போ. உச்சி வெயிலில் வெள்ளை உப்பை வெள்ளைத் தாளில் எப்படிக் காட்டுவாய் என்று திணறிப் பார், நல்ல பயிற்சி. வரைந்ததை அங்கே உப்பு வாரும் அக்காமாரிடமே காட்டு. பலகையை இப்படியா பிடிப்பார்கள் என்று சிரிப்பார்கள். அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். பழைய துறைமுகத்துப் பக்கம் தோணியை வரைந்தால் தோணிக்காரரிடம் காட்டு. பாய்மரக் கயிறு எங்கே போகிறது என்று கேட்பார். சங்குகுளிக்கிறவர்களிடம் கடலடி என்ன நிறம் என்று விசாரி. முத்துக்குளிப்பு 1961க்குப் பிறகு பெரிதாக நடக்கவில்லை என்றாலும் சங்குக்காக இன்னும் முங்குகிறார்கள். பெரிய துறைமுகத்துக்குள் அனுமதி இல்லாமல் நோட்டோடு நுழையாதே, பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள். கொச்சி பினாலே நடக்கும் ஆண்டில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்வா. நமக்குச் சென்னையைவிடக் கொச்சி பக்கம்.

அப்பாவுக்கு என் நேரடிப் பதில்: ஓவியம் மட்டும் விற்று வாழ்பவர்கள் சிலர்தான். கே.எம். ஆதிமூலம் போன்ற பெரிய கை கூடப் பத்திரிகைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் வரைந்தது. அதனால் அவர் கோடு சிறுத்துவிடவில்லை. வடிவமைப்பு, அச்சு, அனிமேஷன், ஆசிரியர் வேலை என்று ஏதாவது ஒரு காலை ஊன்றிக்கொண்டால் போதும். அதற்கும் இதே நான்கு வருடம் உதவும்.

நீ அட்டையளவில் ஒரு படம் வரைந்து, போனில் அல்ல, தபாலில் எனக்கு அனுப்பு. பதில் படம் போட்டு அனுப்புகிறேன். உன் வகுப்பில் வரையும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் முகவரியையும் எழுது, அவர்களுக்கும் அனுப்புவோம்.

அன்புடன்,
மாமா