எத்தனை உள்ளகம் வேண்டும்?

இது கணிப்பொறி யுகம். வீட்டிற்கு ஒரு கணிப்பொறி வேண்டும் என்று எண்ணாத மாணவர் இன்று இல்லை எனலாம். ஆனால் கடைக்குச் சென்றதுமே, "நாலு கோரா, ஆறு கோரா, எட்டு கோரா?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் 'கோர்' என்பதையே நாம் உள்ளகம் என்கிறோம். நெட்டப்பாக்கத்தில் எங்கள் வீட்டிற்கு உதிரிப் பாகங்களை வாங்கிக் கணிப்பொறி பூட்ட முனைந்தபோது இக்கேள்வி எனக்கும் எழுந்தது. பணமோ அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடன். ஒரு ரூபாயும் வீணாகக் கூடாது என்று தேடிப் படித்தவற்றை இங்கே தருகிறேன்.

ஒன்று பலவானது ஏன்?

1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செயலியின் துடிப்பு வேகத்தை உயர்த்துவதிலேயே நிறுவனங்கள் போட்டியிட்டன. வேகம் கூடக் கூட வெப்பமும் கூடியது. ஒரு கட்டத்தில் அவ்வழி அடைபட்டது. ஒரே சில்லில் இரண்டு உள்ளகங்களை வைக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 2001இல் 'பவர் 4' செயலியில் கையாண்டது. 2005இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் அதை வீட்டுக் கணிப்பொறிக்கும் கொண்டுவந்தன.

நடவு சொல்லும் கணக்கு

நான்கு பேர் நடும் வயலில் எட்டுப் பேர் இறங்கினால் நடவு பாதி நேரத்தில் முடியும். ஆனால் நாற்றங்காலில் நாற்று வளர வேண்டிய நாட்களை எத்தனை பேர் கூடினாலும் குறைக்க முடியாது. கணிப்பொறி வேலையும் அவ்வாறே. பங்கிடக்கூடிய பகுதி உண்டு. பங்கிட முடியாத பகுதியும் உண்டு. இதனை 1967இல் ஜீன் ஆம்டால் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துரைத்தார்.

ஓர் உள்ளகம் 60 நிமிடத்தில் முடிக்கும் வேலையில் பாதியைத்தான் பங்கிட முடியும் எனக் கொள்வோம். நான்கு உள்ளகங்கள் அதனை 37½ நிமிடத்தில் முடிக்கும். எட்டு உள்ளகங்களுக்கு 33¾ நிமிடம் ஆகும். இரட்டிப்பு உள்ளகத்தால் கிடைத்த ஆதாயம் நான்கு நிமிடங்கூட இல்லை! பத்தில் ஒன்பது பங்கைப் பங்கிட முடியுமானால் நிலை வேறு: நான்கிற்கு 19½ நிமிடம், எட்டிற்கு 12¾ நிமிடம். ஆகவே முதலில் எண்ண வேண்டியது உள்ளகத்தை அன்று, நாம் செய்யும் வேலையை.

எதைத் தேர்வது?

தட்டச்சு, இணையம், பாடத்திற்கான நிரல்கள் ஆகியவற்றிற்கு நான்கு உள்ளகம் போதும். இன்டெலின் கோர் ஐ3-12100 அத்தகையது. காணொளி வெட்டித் தொகுப்போர்க்கு ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி போன்ற ஆறு உள்ளகச் செயலி பயன் தரும். இரண்டிலும் படம் காட்டும் பகுதி உள்ளேயே உண்டு. ஆனால் 12100எஃப் என்று 'எஃப்' எழுத்து சேர்ந்தால் அப்பகுதி இராது. தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்க நேரும். இச்செயலிகள் பொருந்தும் தாய்ப்பலகைகளும் வேறு வேறு.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. ஐ5-13400இல் பத்து உள்ளகங்கள் உண்டு. அவற்றுள் ஆறு வலியவை, நான்கு மின்சிக்கனத்திற்கான சிறியவை. பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுவது பொருந்தாது.

நான் கணிதம் பயில்பவன். என் வேலை நிரல் எழுதுவதே. ஆதலால் ஐ3-12100ஐயே தேர்ந்தேன். மீதப்பட்ட பணம் 16 ஜி.பி. நினைவகத்திற்கும் எஸ்.எஸ்.டி.க்கும் உதவியது. மாலையில் மின்னழுத்தம் குறையும் எங்கள் தெருவில் யு.பி.எஸ்.ஸும் இன்றியமையாதது, அதற்கும் அதிலேயே இடம் கிடைத்தது.

வாங்குவதோடு நம் கடமை முடிவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழுவினர் உருவாக்கிய 'சக்தி' செயலி 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. அது வீட்டுக் கணிப்பொறிக்கானதன்று எனினும், செயலியை ஆக்கவும் நம்மவரால் இயலும் என்பதற்கு அது சான்று. நண்பர்களே, தேவையறிந்து வாங்குவோம். வாங்கியதைக் கொண்டு கற்போம். கற்று, நாமும் ஒன்றை ஆக்குவோம்!