கொள்முதல் விலைக்குள் இருக்கும் கூலி



நம் வட்டாரத்து ஆம்பூர், வாணியம்பாடி காலணித் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆள் அனுப்பிச் சோதனை செய்வதை அறிவோம். கூலிப் பதிவேடு, தொழிலாளர் வயது, பாதுகாப்பு எல்லாம் பார்த்த பிறகுதான் ஆர்டர் தருகிறார்கள். நம் கடைக்கு வரும் சரக்கை அப்படிப் பார்ப்பவர் யார்? கொள்முதல் செய்யும் நாம்தான் பார்க்க வேண்டும். இதற்குத் தீப்பெட்டியையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, நம் பக்கத்துக் குடியாத்தம் ஆகிய ஊர்களில் தீப்பெட்டி தயாராகிறது. இத்தொழிலில் பெரும்பாலோர் பெண்கள். செய்து முடித்த பெட்டிக் கணக்குக்கே கூலி.

2007-ல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, 14 ஆண்டுகள் அதே விலையில் விற்றது. 2021-ல் 600 பெட்டி கொண்ட ஒரு கட்டை உற்பத்தியாளர்கள் ரூ.270 முதல் ரூ.300 வரை கொடுத்து வந்தார்கள். அதாவது பெட்டிக்கு 45 அல்லது 50 காசு. அதற்குள் சிவப்பு பாஸ்பரஸ் கிலோ ரூ.425-லிருந்து ரூ.810 ஆயிற்று. மெழுகும் அட்டையும் ஏறின. மருந்து விற்பவரும் அட்டை விற்பவரும் விலையைக் குறைக்க மாட்டார்கள். விற்பனை விலையும் ஏறாது என்றால் குறுகுவது கூலி ஒன்றுதான். நூறு நாள் வேலையில் இதைவிடக் கூலி கிடைக்கிறது என்று பெண்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். கடைசியில் 2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி ரூ.2 ஆனது.

கூலியில் மலிவு தேடினால் அது எங்கே போய் நிற்கும் என்பதும் நாம் பார்த்ததே. சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 செலுத்த வேண்டும் என்றது. தொகை கட்ட வேண்டியவர் முதலாளி. ஆனால் அந்தச் சரக்கை விற்று லாபம் பார்த்ததில் கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

ஆகவே தீப்பெட்டியானாலும், ஊதுபத்தியானாலும், அப்பளமானாலும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. பில் இல்லாத சரக்கை எடுக்க வேண்டாம். யார் செய்தது என்று தெரியாத சரக்கில் என்ன கூலி கொடுத்தார்கள் என்றும் தெரியாது.

2. மார்க்கெட் விலையைவிட மிகவும் குறைவாக ஒருவர் கொடுத்தால், எதில் குறைத்தார் என்று கேளுங்கள். மூலப்பொருளிலா, வரியிலா, கூலியிலா? நேர்மையானவர் பதில் சொல்வார்.

3. ஆயிரம் உருப்படிக்கு என்ன கூலி, ஒரு நாளில் எவ்வளவு செய்ய முடியும் என்று விசாரியுங்கள். அந்த நாள் கூலியை அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலை கூடினால் கூலி தானாகக் கூடிவிடாது.

4. பணத்தைத் தவணை தவறாமல் கொடுங்கள். சிறு உற்பத்தியாளர் வாராவாரம் கூலி கொடுக்க வேண்டியவர். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006-ன்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையேல் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால் வட்டி உண்டு. நாம் இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் அங்கே ஒரு வீட்டில் அரிசி வாங்குவது தள்ளிப்போகிறது.

“நான் இப்படிப் பார்த்தால் பக்கத்துக் கடைக்காரர் மலிவாக விற்றுவிடுவாரே” என்பது நியாயமான கவலை. தனி ஒருவரால் இது சிரமம்தான். அதனால்தான் இதைச் சங்கக் கூட்டத்தில் பேச வேண்டும். ஒரே ஊர் வியாபாரிகள் பத்துப் பேர் பில் இல்லாத சரக்கு வேண்டாம் என்று சொன்னால், ஏஜெண்டு வேறு சரக்கோடு வருவார்.

கூலி வாங்கும் பெண்தான் நாளை ஏதோ ஒரு மளிகைக் கடையில் பருப்பும் எண்ணெயும் வாங்குகிறாள். அவள் கூலியைக் குறைத்து வந்த சரக்கில் நாம் காணும் லாபம், நம்மைப் போன்ற இன்னொரு வியாபாரியின் கல்லாவில் குறைகிறது. அடுத்த கொள்முதலின்போது விலையோடு சேர்த்துக் கூலியையும் கேளுங்கள்.